வளர்ப்புப் பிள்ளை கடனாளியா?

பெற்ற பிள்ளைக்கு இட்ட சோற்றை எவரும் கணக்கெழுதி வைப்பதில்லை. எடுத்து வளர்த்த பிள்ளைக்கு இட்ட சோற்றையோ, வீட்டார் மறந்தாலும் ஊரார் மறப்பதில்லை. பிள்ளை படிப்பிற் சிறந்தால், "வளர்த்தவர்கள் செய்த புண்ணியம்" என்பர். தவறி நடந்தால், "எங்கே பிறந்ததோ, அந்தப் புத்திதானே வரும்" என்பர். தன் விருப்பப்படி ஒரு தொழிலையோ ஒரு துணையையோ தேடிக்கொண்டால், "சோறு போட்டு வளர்த்த நன்றி இல்லையே" என்பர். நன்மையின் பெருமை வளர்த்தவருக்கு. தீமையின் பழி பிறப்பிற்கு. நடுவில் நிற்கும் பிள்ளைக்கோ ஒன்றுமில்லை. இத்தகைய நீதி எந்த நூலில் எழுதப்பட்டுள்ளது?

ஆகவே, அன்பர்களே, நாம் இங்கு ஆராயப் புகுந்த வினா இதுவே: வளர்ப்புப் பிள்ளை தன்னை வளர்த்தோருக்குக் கடன்பட்டதா? இதனை வெறும் வாதமாக ஆராய்வதிற் பயனில்லை. வளர்ப்புப் பிள்ளைகளும் வளர்ப்புப் பெற்றோரும் வீட்டில் வைத்துப் படிக்கத்தக்க கதைகள் சில உள. அவற்றைத் துணையாகக் கொண்டே ஆராய்வோம். நல்ல கதை அறிவுரையினும் சிறந்தது. அறிவுரை கேட்பவனைத் தலைகுனியச் செய்யும். கதையோ அவனைத் தானே சிந்திக்கச் செய்யும்.

இந்நாட்டுத் தமிழரிடையே இவ்வினா புதிதன்று. கப்பலேறி வந்து தோட்டங்களிற் குடியேறிய நம் முன்னோர்க்குப் பாட்டன் பாட்டி, அத்தை மாமன் என்ற சுற்றம் பெரும்பாலும் அருகில் இல்லை. மலேரியாக் காய்ச்சலிலோ பிள்ளைப்பேற்றிலோ தாய் மாண்டால், லயத்தில் அடுத்த வீட்டார்தாம் குழந்தையை ஏந்திக்கொண்டனர். 1942, 1943-ஆம் ஆண்டுகளில், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீள இரயில் பாதை அமைப்பதற்காக, ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைக் கொண்டு சென்றனர். சென்றோரில் மிகப் பலர் மீளவில்லை. அவர்தம் பிள்ளைகளுள் எத்தனையோ பேர் பிறர் வீட்டு மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தனர்.

மற்றொன்றும் உண்டு. வறுமையாலும், பெண்மகவைச் சுமையெனக் கருதிய பழைய எண்ணத்தாலும், பிறந்த ஆண்டு ஆகாதென்ற நம்பிக்கையாலும் சீனர் இல்லங்களிற் பிறந்த பெண்குழந்தைகள் பலர் பிறர் கைக்குக் கொடுக்கப்பட்டனர். அவர்களுட் பலர் தமிழர் வீடுகளிலும் மலாய்க்காரர் வீடுகளிலும் வளர்ந்தனர். நம் வீடுகளில் வளர்ந்தோர் தமிழ்ப் பெயர் தாங்கி, தமிழ் பேசி, நம்மவர்க்கே மனைவியராய், தாயராய், பாட்டியராய் வாழ்ந்தனர். அவர்கள் பிறந்த இனத்தை முகம் சொல்லும். வளர்ந்த வீட்டை அவர்கள் வாயிலிருந்து வரும் முதற்சொல்லே சொல்லிவிடும்.

இனிக் கதைகளுக்கு வருவோம். நம் மக்கள் அனைவரும் அறிந்த வளர்ப்புப் பிள்ளை கர்ணன். ஆயினும் அவன் கதையை நாம் பாதியாகவே படிக்கிறோம். துரியோதனன் இட்ட சோற்றுக்காக உயிர் கொடுத்தான் என்று புகழ்ந்து, அதற்குச் 'செஞ்சோற்றுக் கடன்' என்று பெயரும் இடுகிறோம். அந்தக் கடன் அவனை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது? ஒரு பெண்ணைச் சபையில் இழிவுபடுத்தியோர் பக்கத்தில் நிறுத்தியது. அழிவென்று தானே அறிந்திருந்த போரில் நிறுத்தியது.

மறுபாதியைப் பாருங்கள். ஆற்றில் மிதந்துவந்த குழந்தையை எடுத்து வளர்த்தவர்கள் தேரோட்டியாகிய அதிரதனும் அவன் மனைவி இராதையும். போருக்கு முன் கண்ணன் வந்து, அவன் குந்தியின் மூத்த மகன் என்றும், அரசு அவனுக்கே உரியது என்றும் கூறுகிறான். வியாச பாரதத்தின் உத்தியோக பருவத்தில், அதற்குக் கர்ணன் கூறும் விடையில் இராதையின் பேச்சே முற்பட வருகிறது. தன்னைக் கண்டதும் அன்பினால் அவளுக்குப் பால் சுரந்ததையும், தன் மலசலத்தை அவள் துடைத்ததையும் கூறி, அத்தகையவளைத் தாயன்று எனத் தன்னால் எங்ஙனம் சொல்ல இயலும் என்று கேட்கிறான். துரியோதனனால் தான் பெற்ற வாழ்வைப் பற்றிய பேச்சு அதன் பின்னரே வருகிறது.

துரியோதனன் கொடுத்தது அங்க நாடு; அதற்கு ஒரு போர்வீரன் தேவைப்பட்டான். இராதை கொடுத்தது பால்; அதற்கு அவள் ஒன்றும் கேட்டிலள். முன்னது கொடுக்கல் வாங்கல், பின்னது உறவு. கடனைத் தீர்த்தவன் விடுபட்டுப் போகலாம். உறவில் தீர்ப்பதற்கு ஒன்றுமில்லை, ஆதலின் அதிலிருந்து விடுபட நினைப்பாரும் இல்லை. வளர்ப்புப் பிள்ளையைப் பார்த்துச் "சோறு போட்டோம்" என்று சொல்லும் தாயும் தந்தையும், தம்மை அறியாமலே இராதையின் இடத்தை விட்டிறங்கித் துரியோதனன் இடத்தில் அமர்கின்றனர். இதுவே நாம் கூற வந்ததன் சாரம்.

வளர்த்தோர் தனியே இருந்து படிக்க வேண்டிய கதை ஒன்று மணிமேகலையில் உண்டு. அஃது ஆபுத்திரன் கதை. பிறந்தவுடன் தாயாற் கைவிடப்பட்டு, ஒரு பசுவினால் ஏழு நாள் பாலூட்டிக் காக்கப்பட்ட அக்குழந்தையை, வயனங்கோடு என்னும் ஊரைச் சேர்ந்த இளம்பூதி என்ற அந்தணர் கண்டெடுத்தார். பிள்ளையில்லாத அவர் மகிழ்ந்து, தம் மகனாகவே வளர்த்தார், கல்வியும் கற்பித்தார். பின்னர், வேள்விக்காகக் கட்டியிருந்த ஒரு பசுவை அப்பிள்ளை இரவில் அவிழ்த்துக்கொண்டு சென்றபோது, ஊரார் அவனைப் பிடித்து அடித்தனர். அப்போது அவனுடைய பிறப்பின் செய்தி ஒருவர் வாயால் வெளிப்பட்டது. உடனே வளர்த்த தந்தையும் அவனை வீட்டைவிட்டு நீக்கினார்.

அந்தத் தந்தை கொடியவர் அல்லர். பல ஆண்டுகள் அன்போடு வளர்த்தவரே. ஆனால் அவ்வன்பிற்கு அடியில் ஒரு நிபந்தனை மறைந்து கிடந்தது: "பிறப்பைப் பற்றி ஒன்றும் தெரியாதவரையில் நீ என் மகன்." இந்த நிபந்தனை நம் வீடுகளிலும் மறைந்து கிடக்கின்றதா என்று நாம் ஒவ்வொருவரும் ஆராய்தல் வேண்டும். எடுத்த பிள்ளையின் சாதி யாது, இனம் யாது, தாய் எத்தகையவள் என்று கேட்பவர் வீட்டிற்கு வந்தால், அப்போது நம் முகம் மாறுகின்றதா? மாறுமாயின், பிள்ளை அதனைக் கண்டுகொள்ளும். அக்கதையின் முடிவும் கருதத்தக்கது. துரத்தப்பட்ட ஆபுத்திரன் தென்மதுரை சென்று, பிச்சை ஏற்று, பார்வையற்றோர்க்கும் முடவர்க்கும் பேணுவாரில்லாதோர்க்கும் முதலில் ஊட்டி, எஞ்சியதையே தான் உண்டான் என்கிறது காப்பியம். பிறப்பினால் இழிந்தவன் என்று தள்ளப்பட்டவனே ஊருக்குச் சோறிட்டான்.

அடுத்து எழும் வினா, உண்மையைச் சொல்வதா மறைப்பதா என்பது. இதற்கு உதவும் நூல் இரவீந்திரநாத தாகூர் எழுதி 1910-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்த 'கோரா'. அதன் நாயகன் ஆசாரத்தில் மிக்க பற்றுள்ள இந்து. பிறர் தீண்டியதை உண்ணாதவன். அவனோ 1857-ஆம் ஆண்டுக் கலகத்தின்போது ஓர் அயர்லாந்துத் தாய்க்குப் பிறந்து, அவள் இறந்தபின் ஆனந்தமயி என்னும் வங்கப் பெண்மணியால் வளர்க்கப்பட்டவன். அவனுக்கு மட்டும் அது தெரியாது. அவன் வாழ்வு முழுவதும் தான் அல்லாத ஒன்றைக் காப்பதிலேயே கழிந்தது. உண்மை வெளிப்பட்ட நாளில் அவன் முதலில் இடிந்து போகிறான். பின்னர் விடுதலை பெற்றவனாய், ஆனந்தமயியிடமே வந்து அவளே தன் தாய் என்கிறான். அக்குழந்தையை மடியில் ஏந்திய அன்றே அவள் சாதி ஆசாரத்தைக் கைவிட்டவள் என்பதும் கதையில் வருகிறது. அன்பு மெய்யாயிருந்ததனால் உண்மை அதனைக் கெடுக்கவில்லை. காலந்தாழ்ந்து வந்தமையால் மகனுக்குத்தான் துன்பம் மிகுந்தது.

நாம் தோட்டத்து ஆபீசிற் கணக்கெழுதும் கிராணி வேலையில் இருப்பதனால், பாரங்களை நிரப்பித் தரும்படி வருவோர் பலரைக் காண்கிறோம். மலேசியாவில் 12-ஆம் வயதில் அடையாள அட்டை பெறல் வேண்டும். அதற்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும். ஒருநாள் ஓர் அம்மையார், தம் மகளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, "கிராணி ஐயா, உறவு என்ற இடத்தில் மகள் என்று மட்டும் போடுங்கள், எடுத்து வளர்த்தது அவளுக்குத் தெரியாது" என்று கண்ணீரோடு கூறினார். அடுத்த வாரம் அக்காகிதத்தை வாங்க அச்சிறுமி தனியே வந்தாள். "ஐயா, ஏழு வயசிலேயே எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லிட்டாங்க. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாங்க" என்றாள்.

தாய் மகளைக் காப்பதாக எண்ணி மறைத்தாள். மகள் தாயைக் காப்பதற்காக ஐந்து ஆண்டுகள் தனியே சுமந்தாள். மறைப்பினால் உண்மை மறைந்ததா? இல்லை. அதனைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு துணைதான் இல்லாமற் போயிற்று. ஒரு தோட்டத்தில், ஒரு தெருவில், நூறு வாய்கள் அறிந்த செய்தி ஒரு பிள்ளையின் செவியை எட்டாதென நம்புவது பகுத்தறிவுக்குப் பொருந்துமா? எட்டுவது உறுதியாயின், அது யார் வாயால் எட்ட வேண்டும் என்பது மட்டுமே நம் கையில் உள்ளது.

இத்துறையில் உழைப்போர் இக்காலத்தில் கூறுவதும் இதுவே: பிள்ளைக்குப் புரியாத இளவயதிலேயே, தாலாட்டோடும் கதையோடும் சேர்த்து, எளிய சொற்களில் சொல்லத் தொடங்க வேண்டும், வயது ஏற ஏற விவரத்தைக் கூட்ட வேண்டும். அவ்வாறு சொன்னால் "இன்று தெரிந்தது" என்ற ஒருநாள் அப்பிள்ளையின் வாழ்வில் இராது. 2002-ஆம் ஆண்டில் வெளிவந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' என்ற திரைப்படத்தில், ஒன்பதாம் பிறந்தநாளில் உண்மையை அறியும் சிறுமியின் கலக்கத்தை நம்மவர் பலர் கண்டிருப்பர். வீட்டார் கூடியிருந்து அப்படத்தைக் காண்பது பேச்சைத் தொடங்க நல்ல வழியாகும். 1989-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 7-ஆம் பிரிவும், இயன்றவரை தன் பெற்றோரை அறிதல் குழந்தையின் உரிமை என்கிறது. உரிமையை நாம் வழங்குவதில்லை. தடுக்காதிருக்கவே நமக்குக் கடமை.

இதுகாறும் நிலையாக எடுத்து வளர்க்கப்படும் பிள்ளையைப் பற்றிப் பேசினோம். சிலகாலம் வளர்த்துத் திருப்பித் தரவேண்டிய பிள்ளையும் உண்டு. சிங்கப்பூரில் 1956-ஆம் ஆண்டு முதல் அரசாங்கத்தின் வளர்ப்புத் திட்டம் நடந்து வருகிறது. பெற்றோர் நோயுற்றோ, சிறையிலிருந்தோ, பேணும் நிலையில் இல்லாதபோது, குழந்தை மற்றொரு குடும்பத்தில் வளர்ந்து, நிலைமை சீரடைந்தபின் தன் வீட்டிற்கு மீளக்கூடும். இங்கே அன்பிற்கு வரும் சோதனை இன்னும் கடுமையானது. வளர்த்தவர் முழு மனத்தோடு நேசிக்கவும் வேண்டும். முழு மனத்தோடு விடவும் வேண்டும்.

பிள்ளையைப் பொருளெனக் கொண்டு இழுத்தால் விளைவது யாதென்பதற்கு இம்மண்ணின் வரலாறே சான்று. ஜாவாவில் ஒரு டச்சுக் குடும்பத்திற் பிறந்த மரியா ஹெர்தோக் என்னும் சிறுமி, 1942-ஆம் ஆண்டில் போர்க்காலத்து இடரில், ஐந்து வயதில் ஆமினா என்ற மாதின் கைக்கு வந்தாள். போருக்குப்பின் திரெங்கானு மாநிலத்துக் கெமாமானில் அவர் மகளாகவே வளர்ந்தாள். 1950-ஆம் ஆண்டில் பெற்றோர் வழக்காடினர். சிங்கப்பூர் நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. 13 வயதுச் சிறுமியோ வளர்த்த தாயிடமே இருக்க விரும்புவதாகக் கூறினாள். டிசம்பர் 11 அன்று மூண்ட கலவரத்தில் 18 பேர் மாண்டனர். 173 பேர் காயமுற்றனர். சட்டமும் இனமும் சமயமும் உரக்கப் பேசிய அவ்வழக்கில், மிக மெல்லியதாக ஒலித்தது அச்சிறுமியின் குரலே.

இதற்கு எதிராக ஓர் ஏழையின் கதையை வைப்போம். ஜார்ஜ் எலியட் என்ற ஆங்கிலப் பெண்மணி 1861-ஆம் ஆண்டில் எழுதிய 'சைலஸ் மார்னர்' கதையில், தன் பொன்னை இழந்த நெசவாளி ஒருவன், தன் குடிசைக்குள் தவழ்ந்து வந்த அநாதைக் குழந்தையை வளர்க்கிறான். பதினாறு ஆண்டுகளுக்குப் பின், செல்வனாகிய பெற்ற தந்தை வந்து மகளைக் கேட்கிறான். நெசவாளி முதலிற் கொதித்தாலும், பின்னர், அவள் நலத்திற்குத் தான் தடையாக நிற்பதில்லை என்று முடிவை அவளிடமே விடுகிறான். அவள் அவனோடு இருப்பதாகவே கூறுகிறாள். அவளை அவன் அன்று கட்டி வைத்திருந்தால், அவள் இருந்தது அன்பினாலா அச்சத்தினாலா என்பதை அவன் சாகும்வரை அறிந்திருக்க மாட்டான்.

நம் பழந்தமிழரும் இத்துயரை அறிந்தவரே. சங்கப் பாடல்கள் பெற்றவளை நற்றாய் என்றும், வளர்த்தவளைச் செவிலி என்றும் தனித்தனியே அழைத்து, இருவர் துயரையும் பாடின. கலித்தொகையில், தான் வளர்த்த மகள் காதலனோடு சென்றபின், பாலை வழியே தேடிச் செல்பவள் செவிலியே. எதிர்ப்பட்ட சான்றோர் அவளுக்கு, மலையிற் பிறந்த சந்தனமும் கடலிற் பிறந்த முத்தும் தாம் பிறந்த இடத்திற்கா பயன்படுகின்றன என்று கேட்டு ஆறுதல் கூறுகின்றனர். முத்தைக் கடனாளி என்று கடல் வழக்காடுவதில்லை.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். "நன்றியைக் கேட்கலாகாது என்றால், பிள்ளைகள் நன்றிகெட்டவராக வளரமாட்டாரா?" என்று சிலர் வினவுவர். நேர்மையான வினாவே. விடைக்குச் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' என்ற கதையைப் பாருங்கள். அது 1861-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. பெற்றோரை இழந்த பிப் என்ற சிறுவனை அவன் தமக்கை வளர்க்கிறாள். தான் பட்ட பாட்டை அவள் சொல்லாத நாளில்லை. விருந்திற்கு வந்தவரும் அவனை நன்றியோடிரு என்று இடித்துரைப்பர். அவள் கணவனாகிய கொல்லன் ஜோ ஒன்றும் சொல்வதில்லை. சிறுவனின் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றுவான், அவ்வளவே. பிப் பெரியவனாகிப் பணம் வந்தபோது அந்த ஜோவைக் கண்டு நாணுகிறான். ஆகவே கேளாத அன்பும் உடனே நன்றி பெறும் என்பதற்கில்லை. பின்னர் பிப் கடன்பட்டு நோயில் வீழ்ந்தபோது, ஜோ வந்து பணிவிடை செய்து, கடனையும் அடைத்துவிட்டு, சொல்லாமலே ஊர் திரும்புகிறான். பிப்பின் நெஞ்சு உருகியது அப்போதுதான். இடித்துக் கேட்ட தமக்கைக்குக் கிடைத்தது அச்சம். கேளாத ஜோவுக்குக் கிடைத்தது, காலந்தாழ்ந்தேனும், மகனன்பு. நன்றி விதைப்பவன் கையில் இல்லை. விளையும் நிலத்திற்கு அதற்கென ஒரு பருவம் உண்டு.

"ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்ற பழமொழியையும் நாம் சற்று ஆராய்தல் நலம். நல்லெண்ணத்தால் எழுந்ததே அது. ஆயினும் அதன்கண் ஊரார் பிள்ளை ஒரு வழியாகவும், தன் பிள்ளையே பயனாகவும் நிற்பதைக் காண்க. தானும் பிள்ளையுமாக ஒரே பாயில் உறங்கும் வீட்டில், எந்தப் பிள்ளையும் மற்றொரு பிள்ளைக்குப் புண்ணியம் தேடித்தரும் கருவியாக இருத்தல் ஆகாது.

இக்கதைகளைப் பயன்படுத்தும் முறையைப் பற்றிச் சில சொற்கள். வளர்த்தோர் முதலில் தாமே படிக்க வேண்டும். வளர்ப்புப் பிள்ளையை மட்டும் தனியே அழைத்து, "உனக்காகத்தான் இந்தக் கதை" என்று கொடுத்தல் கூடாது. வீட்டிலுள்ள பிள்ளைகள் அனைவரையும் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும். முடிவில் நீதி கூறாதீர். பிள்ளை கேள்வி கேட்டால் அக்கேள்விக்கு மட்டும் மெய்யான விடை கூறுக. கேளாது எழுந்து போனாற் போகவிடுக. மற்றொரு நாள் வந்து கேட்கும்.

கடையில் விற்காத ஒரு புத்தகமும் வேண்டும். ஒரு சாதாரணக் கோடுபோட்ட நோட்டுப் புத்தகம் போதும். அதில் பிள்ளை பிறந்த ஊர், நாள், பெற்ற தாயின் பெயர், தெரிந்தால் தந்தையின் பெயர், வீட்டிற்கு வந்த அன்று பெய்த மழை, உடுத்திருந்த துணி, முதற்பல் முளைத்த நாள், முதலிற் பேசிய சொல் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். படம் இருந்தால் ஒட்ட வேண்டும். பிற நாடுகளில் வளர்ப்புப் பிள்ளைகளுக்காக உழைப்போர் இத்தகைய வாழ்க்கைக் கதை ஏட்டை எழுதச் செய்கின்றனர். திருப்பித் தரவேண்டிய பிள்ளையாயின், ஏடும் அதனோடு போக வேண்டும். தான் ஒரு வீட்டில் இருந்தோம், அங்கே தன்னை ஒருவர் உற்றுநோக்கி எழுதி வைத்தார் என்பதே அப்பிள்ளைக்குப் பெருந்துணையாகும். அதனோடு, பிறப்புப் பத்திரத்தையும் சட்டப்படியான பதிவையும் காலத்தில் முடித்து வைத்தல் வேண்டும். அன்பு மிகுந்து பத்திரம் இல்லாத வீட்டிற் பிள்ளை பள்ளி வாயிலிலும் அரசாங்க அலுவலகத்திலும் படும் இன்னல் சிறிதன்று.

தோட்டத்து ஆபீசில் நாம் எழுதும் பேரேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பற்றும் வரவும் உண்டு. அஃது அங்கே இருக்க வேண்டியதே. பிள்ளைக்காக எழுதும் இந்த நோட்டுப் புத்தகத்தில் மட்டும் தொகை எழுதும் கட்டம் வேண்டாம். தாய்மார்களே, தந்தைமார்களே, இந்த வாரமே அதனை வாங்கி முதற்பக்கத்தை எழுதத் தொடங்குங்கள். பிள்ளை கேட்டால் எடுத்துக் காட்டுங்கள்.